மீந்த விதை: அப்படியே விதைப்பதா, அளவைக் கூட்டுவதா, புதிதாக வாங்குவதா?

சென்ற பருவத்தில் விதைத்தது போக மீந்த விதை, வாய் கட்டிய மூட்டையில் இருக்கிறது. அடுத்த விதைப்பு நெருங்கும்போது அதை வைத்திருப்பவர் முன் பல வழிகள் உள்ளன. வழக்கமான அளவிலேயே விதைக்கலாம்; முளைப்புத் திறனைச் சோதித்து, குறைவுக்கு ஏற்ப விதையளவைக் கூட்டலாம்; நாற்றங்காலுக்கு மட்டும் பயன்படுத்தலாம்; புது விதையோடு கலக்கலாம்; அல்லது அதை ஒதுக்கிவிட்டு முழுவதும் புதிதாக வாங்கலாம். இவற்றுள் எது சரி என்பதற்கு விதையின் வயது மட்டும் விடை சொல்லிவிடாது. ஒரே மூட்டையிலிருந்து ஒரே நாளில் பிரித்த விதை, ஓரிடத்தில் இரண்டாண்டு கழித்தும் நன்றாக முளைக்கும்; வேறோரிடத்தில் ஆறே மாதத்தில் பாதி உயிரிழந்துவிடும். முளைப்பு விழுக்காடு இன்றியமையாத எண்தான். ஆனால் முளை எவ்வளவு விரைவாகவும் சீராகவும் வந்தது என்பதற்கும், விதைக்கப்போகும் பயிர் இடைவெளியைத் தானே ஈடுகட்டிக்கொள்ளுமா என்பதற்கும் அந்த எண்ணைவிடக் கூடுதல் எடை கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

காரணம், ஒரு குவியலில் உள்ள விதைகள் ஆண்டுக்கு இத்தனை என்று சம அளவில் உயிரிழப்பதில்லை. சேமித்த விதையின் ஆயுளைக் கணக்கிட எல்லிஸ், ராபர்ட்ஸ் ஆகிய இரு அறிவியலாளர்கள் 1980இல் வெளியிட்ட சமன்பாடு இன்றும் விதை வங்கிகளில் பயன்படுகிறது. அது காட்டும் வளைகோட்டில் முளைப்புத் திறன் முதலில் நெடுநாள் மிக மெதுவாகக் குறைகிறது. பிறகு ஒரு கட்டத்தில் செங்குத்தாகச் சரிகிறது. கடைசியில் எஞ்சிய சில விதைகள் மட்டும் சிறிது காலம் தாக்குப்பிடிக்கின்றன. ஆகவே 95இலிருந்து 85க்கு இறங்க எடுத்துக்கொண்ட காலத்தை வைத்து, 75க்கு இறங்கவும் அதே காலம் ஆகும் என்று எண்ணுவது தவறு. 75 விழுக்காட்டில் நிற்கும் குவியல் ஏற்கெனவே சரிவில் இறங்கிவிட்டது. அறுவடை முடிந்த கையோடு செய்த சோதனையை நம்பி, ஆறு மாதம் கழித்து விதைப்பதில் உள்ள அபாயம் இதுதான். சோதனையை விதைப்புக்கு இரண்டு மூன்று வாரம் முன்பாகச் செய்ய வேண்டும். அப்போதுதான் புது விதை வாங்க நேர்ந்தாலும் அவகாசம் இருக்கும்.

இதோடு மற்றொன்றும் உண்டு. விதை முளைக்கும் ஆற்றலை இழப்பதற்கு வெகு முன்பே வீரியத்தை, அதாவது விரைவாகவும் சீராகவும் முளைத்தெழும் வலிமையை, இழக்கத் தொடங்குகிறது. வயதாகும் விதையில் உயிரணுக்களின் சவ்வு நலிவதால், ஈரம் பட்டதும் உள்ளிருக்கும் சர்க்கரையும் உப்புகளும் வெளியே கசிகின்றன. கசிந்த சர்க்கரை மண்ணிலுள்ள பூசணங்களுக்கு உணவாகிறது. நலிந்ததைப் பழுதுபார்த்துக்கொள்ளவே விதைக்குக் கூடுதல் நேரம் தேவைப்படுவதால் முளை தாமதமாகிறது; அந்தத் தாமதத்துக்குள் பூசணம் முந்திக்கொள்கிறது. ஈரத் தாளில் 80 விழுக்காடு முளைத்த பழைய விதை, குளிர்ந்த, நீர் தேங்கிய அல்லது மேற்பரப்பு இறுகிய நிலத்தில் 50 விழுக்காடுகூட மேலே வராமல் போவது இதனால்தான். அதே 80 விழுக்காடு காட்டும் இளைய விதை, நிலத்திலும் ஏறக்குறைய அந்த அளவுக்கு வந்துவிடக்கூடும்.

எனவே முதலில் அந்த விதை எப்படி இருந்து வந்தது என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும். விதை அறிவியலாளர் ஹாரிங்டன் வகுத்த இரண்டு கைக்கணக்குகள் இதற்கு உதவும். விதையின் ஈரப்பதம் 5 முதல் 14 விழுக்காட்டுக்குள் இருக்கும்போது, ஈரப்பதம் ஒரு விழுக்காடு குறையக் குறையச் சேமிப்புக் காலம் இரட்டிப்பாகிறது. வெப்பநிலை 0 முதல் 50 டிகிரி செல்சியசுக்குள் இருக்கும்போது, 5 டிகிரி குறையக் குறையவும் அப்படியே இரட்டிப்பாகிறது. காற்றின் ஈரப்பத விழுக்காட்டையும் பாரன்ஹீட் வெப்பநிலையையும் கூட்டினால் நூறுக்குள் இருக்க வேண்டும் என்பதும் அதே வழியில் சொல்லப்படும் விதி. 30 டிகிரி செல்சியஸ், அதாவது 86 பாரன்ஹீட் வெப்பமும் 70 விழுக்காடு காற்று ஈரமும் உள்ள அறையில் அந்தக் கூட்டுத்தொகை 156 ஆகிவிடுகிறது. சணல் சாக்கும் துணிப்பையும் காற்றின் ஈரத்தைத் தடுப்பதில்லை. விதை எத்தனை முறை உலர்த்தப்பட்டிருந்தாலும், சில வாரங்களில் அறைக் காற்றின் ஈரத்துக்குச் சமமாகிவிடும். தானிய விதை 12 முதல் 13 விழுக்காட்டிலும், எண்ணெய் வித்துகள் 8 முதல் 9 விழுக்காட்டிலும் இருந்தால்தான் அடுத்த பருவம் வரை ஓரளவு பாதுகாப்பு. காற்றுப்புகா கலனில் அடைத்தால் அதைவிடவும் உலர்ந்திருக்க வேண்டும். ஈரத்தோடு அடைத்து வைப்பது திறந்து வைப்பதைவிடக் கெடுதி.

பயிருக்குப் பயிர் இயற்கையான ஆயுளும் வேறுபடுகிறது. வெங்காயம், சோயா, நிலக்கடலை ஆகியவை சாதாரண அறையில் ஓராண்டைத் தாண்டினாலே சந்தேகத்துக்கு உரியவை. நெல், கோதுமை, சோளம் போன்றவை நன்கு உலர்ந்திருந்தால் ஓரிரு ஆண்டுகளைப் பெரிய இழப்பின்றிக் கடக்கும். தக்காளியும் வெள்ளரிக் குடும்பத்துப் பயிர்களும் பல ஆண்டுகள் தாங்குவது உண்டு. நிலக்கடலையைத் தோலோடு வைத்திருந்தால் ஒரு நிலை. பருப்பாக உடைத்து வைத்திருந்தால் முற்றிலும் வேறு நிலை. நூறாண்டு கழித்தும் விதை முளைத்தது என்ற செய்தியைக் காட்டி இதை மறுப்பவர்கள் உண்டு. மிச்சிகனில் வில்லியம் ஜேம்ஸ் பீல் 1879இல் புட்டிகளில் இட்டுப் புதைத்த விதைகளில் சில 2021இல் தோண்டியபோதும் முளைத்தது உண்மை. ஆனால் அப்படி நிலைத்தவை களைச்செடிகளின் விதைகள். மண்ணில் நெடுங்காலம் காத்திருப்பது அவற்றின் இயல்பு. பயிர் விதையை அந்த அளவுகோலால் அளக்கக்கூடாது.

கண்ணாலும் மூக்காலும் பார்ப்பது விதையை ஒதுக்க உதவும், ஏற்க உதவாது. பூசண வாடை, நிலக்கடலையில் காறல் வாடை, பயறு வகைகளில் தோல் கருத்துப் பழுப்பாதல், வண்டு துளைத்த ஓட்டை, அடியில் மாவு படிதல் ஆகியவை இருந்தால் சோதனைக்கு முன்பே சந்தேகப்படலாம். இவை எதுவும் இல்லாததால் விதை நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. தண்ணீரில் இட்டுப் பார்ப்பதும் இப்படியே. மிதப்பவை பதர் அல்லது பூச்சி குடைந்தவை என்று கழித்துவிடலாம். ஆனால் உயிரிழந்த விதையும் எடை குறையாமல் இருப்பதால் நல்ல விதையோடு சேர்ந்தே மூழ்கும்.

நம்பத்தக்க வழி முளைப்புச் சோதனை ஒன்றுதான். 1924இல் அமைக்கப்பட்ட சர்வதேச விதைப் பரிசோதனைச் சங்கத்தின் விதிப்படி ஆய்வகங்களில் 400 விதைகளை நூறு நூறாகப் பிரித்துச் சோதிக்கிறார்கள். வீட்டில் 100 விதையாவது வேண்டும். பத்து விதையை ஈரத்துணியில் முடிந்து வைத்து எட்டு முளைத்தது என்றால், குவியலின் உண்மையான முளைப்புத் திறன் பாதிக்குக் கீழேயும் இருக்கலாம், 95க்கு மேலேயும் இருக்கலாம். பத்து விதை தரும் எண்ணுக்கு அவ்வளவுதான் பொருள். நூறில் எண்பது முளைத்தால், உண்மை ஏறத்தாழ 72க்கும் 88க்கும் இடையில் இருக்கும் என்று துணியலாம். அந்த நூறையும் மூட்டையின் மேலிருந்து ஒரே கைப்பிடியாக அள்ளக்கூடாது. மேல், நடு, அடி, ஓரம் என்று பல இடங்களில் எடுத்துக் கலந்து, பெரியது சிறியது பாராமல் வந்த வரிசையில் எண்ணி எடுக்க வேண்டும். நல்ல விதையாகப் பார்த்துப் பொறுக்கினால், சோதனை நம்மை மகிழ்விக்கும், நிலம் மகிழ்விக்காது.

தடித்த, மை இல்லாத தாளை நனைத்துப் பிழிந்து, விரித்து, விதைகளை ஒன்றோடொன்று படாமல் பரப்பி, மேலே இன்னொரு தாளை இட்டுத் தளர்வாகச் சுருட்டி, ஈரம் காயாதபடி ஒரு பையில் நிமிர்த்தி வைத்தால் போதும். தாளை விரலால் அழுத்தினால் விரலைச் சுற்றி நீர் தேங்கக்கூடாது; அந்த அளவுக்கு மேல் ஈரம் இருந்தால் விதை மூச்சடைத்து அழுகிவிடும். முளைத்தவற்றை எண்ண வேண்டிய நாட்கள், அதாவது முதல் எண்ணிக்கையும் கடைசி எண்ணிக்கையும், பயிருக்குத் தக்கபடி மாறும்: மக்காச்சோளத்துக்கு 4ஆம் நாளும் 7ஆம் நாளும், நெல்லுக்கு 5, 14, நிலக்கடலைக்கு 5, 10, வெங்காயத்துக்கு 6, 12.

முதல் எண்ணிக்கை நாளில் சுருளைப் பிரித்துப் பார்ப்பதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். மக்காச்சோளச் சுருளை நான்காம் நாள் விரித்தால், வீரியமுள்ள விதையில் வெள்ளை வேர் நீண்டு, பக்க வேர்கள் அரும்பி, குருத்து உறைக்குள் நேராக எழுந்திருக்கும். எல்லாம் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கும். முதிர்ந்த குவியலில் சில அப்படி இருக்க, சிலவற்றில் வேர் முனை மட்டும் எட்டிப்பார்க்கும். சிலவற்றில் குருத்து மட்டும் வந்து வேர் குட்டையாகப் பழுப்பேறி நிற்கும். சிலவற்றைச் சுற்றிச் சாம்பல் நிறப் பூசணம் படர்ந்து, தாளில் வழவழப்பான கறை இருக்கும். வேர் இல்லாத முளையையும் குருத்து இல்லாத முளையையும் முளைத்ததாகக் கணக்கிடக்கூடாது. அவை நிலத்தில் செடியாவதில்லை. இரண்டு குவியல்களும் கடைசி நாளில் 82 என்றே காட்டினாலும், ஒன்று முதல் எண்ணிக்கையிலேயே 75ஐத் தொட்டு, மற்றொன்று 40இல் நின்றிருந்தால், இரண்டும் ஒரே தரம் அல்ல. முன்னதை விதைக்கலாம், பின்னதைக் குறித்து நான் தயங்குவேன்.

முளைக்காதவற்றையும் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். கூழாகிப்போனது உயிரற்றது. பயறு வகைகளில் நீரே உறிஞ்சாமல் கல்லாக இருப்பது கடின விதை. அதன் உயிர் பெரும்பாலும் போயிருக்காது, தோலைச் சற்றே உராய்ந்துவிட்டால் முளைக்கும். நெல்லிலும் சூரியகாந்தியிலும் அறுவடையான புதிதில் விதை உறக்கம் இருப்பதால், சில மாதம் கழிந்த விதையே புது விதையைவிட நன்றாக முளைப்பதும் உண்டு. பழையது என்பதனாலேயே தாழ்ந்தது ஆகிவிடாது என்பதற்கு இது ஒரு சான்று.

இனி வழிகளை ஒப்பிடலாம். வழக்கமான அளவிலேயே விதைப்பது, சோதனையில் 85க்கு மேல் வந்து, முதல் எண்ணிக்கையும் வலுவாக இருக்கும்போது சரியான முடிவே. அந்நிலையில் புது விதை வாங்குவதால் பெரிய ஆதாயம் இல்லை. சோதிக்காமலே இவ்வழியில் இறங்குவதுதான் ஆபத்தானது. மிகப் பலர் செய்வதும் அதையே என்பது வருத்தத்துக்கு உரியது.

65க்கும் 85க்கும் இடைப்பட்ட விதைக்குப் பொதுவாகச் சொல்லப்படும் வழி, அளவைக் கூட்டுவது. கணக்கு எளிது. 90 விழுக்காடு முளைப்பை எதிர்பார்த்து ஏக்கருக்கு 20 கிலோ பரிந்துரைக்கப்பட்டிருக்க, கையிலுள்ள விதை 72 தான் காட்டுகிறது என்றால், 20ஐ 90ஆல் பெருக்கி 72ஆல் வகுத்தால் 25 கிலோ. ஆனால் இது தாளில் முளைத்ததை வைத்துச் செய்யும் கணக்கு. வீரியம் குறைந்த விதைக்கு நிலத்தில் மேலும் இழப்பு இருக்கும். மேலும், மீந்த விதை என்றாலே கையிருப்பு சிறிதுதான். பத்து கிலோ வைத்திருப்பவர் அரை ஏக்கருக்கு ஆகும் என்று நினைத்திருந்தால், இந்தக் கணக்கில் அது ஏக்கரில் ஐந்தில் இரண்டு பங்குக்கே வரும். மீதி நிலத்துக்கு எப்படியும் புது விதை வாங்க வேண்டியிருக்கும்.

அளவைக் கூட்டுவது எந்தப் பயிருக்குப் பொருந்தும் என்பதில்தான் முடிவின் உயிர்நாடி இருக்கிறது. நெல்லும் கோதுமையும் இடம் கிடைத்தால் தூர் கட்டி நிரப்பிக்கொள்ளும். சோயா கிளைத்துப் பரவும். இவற்றில் முளைப்பு சற்று முன்பின்னாக இருந்தாலும் விளைச்சல் அதே விகிதத்தில் குறைவதில்லை. மக்காச்சோளத்திலும் சூரியகாந்தியிலும் அந்த வசதி இல்லை. ஒரு செடிக்கு ஒரு கதிர் அல்லது ஒரு பூ என்பதே பெரும்பாலும் நிலை. காலியான இடம் காலியாகவே போகிறது. பல நாள் பிந்தி வந்த மக்காச்சோளச் செடி பக்கத்துச் செடியின் நிழலில் நின்று, நீரையும் உரத்தையும் எடுத்துக்கொண்டு, கதிரே வைக்காமல் போகலாம். எனவே 75 விழுக்காடு காட்டும் நெல் விதையைத் தயங்காமல் பயன்படுத்தச் சொல்லும் நான், அதே 75 காட்டும் மக்காச்சோள விதையை விதைக்கச் சொல்லமாட்டேன்.

குத்துக் குத்தாக ஊன்றும் பயிரில், ஒரு குத்துக்கு இரண்டு விதை இடுவது இன்னொரு வழி. 70 விழுக்காடு முளைப்புள்ள விதையை ஒவ்வொன்றாக ஊன்றினால் நூறு குத்தில் 30 காலி. இரண்டிரண்டாக ஊன்றினால் 9 மட்டுமே காலி. அதற்கு ஈடாக 49 குத்துகளில் இரண்டு செடி நிற்கும்; அவற்றைக் கலைத்துவிட ஆள் வேண்டும். கையகல நிலத்துக்கும் காய்கறித் தோட்டத்துக்கும் இது நல்ல வழி. பரந்த நிலத்தில் கலைக்கும் வேலையே விதையின் மதிப்பை விழுங்கிவிடும்.

பழைய விதைக்கு மிகப் பொருத்தமான இடம் நாற்றங்கால் என்பது என் உறுதியான எண்ணம். தக்காளி, கத்தரி, மிளகாய், நாற்று நடும் நெல் ஆகியவற்றில் முளைக்காதவையும் பிந்தியவையும் நாற்றங்காலிலேயே கழிந்துவிடுகின்றன. வயலுக்குப் போவது தேர்ந்தெடுத்த நாற்று மட்டுமே. நாற்றங்காலின் ஈரத்தையும் நிழலையும் நாமே கட்டுப்படுத்துவதால் வீரியம் குறைந்த விதைக்கும் வாய்ப்புக் கிடைக்கிறது. தோற்றாலும் இழப்பது சில சதுர மீட்டர் இடமும் சில நாட்களும்தான். 60 விழுக்காட்டு விதையைக்கூட இங்கே கூடுதலாகப் பாவிப் பயன்படுத்தலாம்.

புது விதையோடு கலப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. 90ஐயும் 60ஐயும் சம அளவில் கலந்தால் எண்ணில் 75 வரும். நிலத்தில் வருவது, விரைந்து எழுந்த ஒரு கூட்டமும் பின்தங்கிய ஒரு கூட்டமும். முதிர்ச்சியும் அறுவடையும் ஒன்றுபோல் அமையாது. பழையதில் களை விதையோ விதைவழி நோயோ இருந்தால் வயல் முழுவதும் பரவும். பயிர் பொய்த்தால் எந்த விதை காரணம் என்று கண்டறியவும் முடியாது. இரண்டையும் பயன்படுத்தியே ஆக வேண்டுமானால், பழையதைத் தனிப் பாத்தியில், தனி அளவில் விதைப்பதே முறை.

ஊறவைத்து நிழலில் உலர்த்தி விதைப்பது, நலிந்த விதைக்குச் சற்று முடுக்கம் தரும். உயிரற்றதை அது எழுப்பாது. நன்கு காய்ந்த சோயாவையும் பயறு வகைகளையும் நேரடியாக நீரில் அமிழ்த்தினால், வேகமாக நீர் புகுந்து உள்ளிருக்கும் திசு சிதையும். ஈரத்துணிக்கு இடையில் மெதுவாக ஈரமேற்றுவதே அவற்றுக்குத் தகும். அப்படிப் பதப்படுத்திய விதையை மறுபடி சேமிக்காமல் உடனே விதைத்துவிட வேண்டும்.

புது விதை வாங்குவது எப்போது தவிர்க்க முடியாதது? 60க்குக் கீழே இறங்கிய விதையை நேரடி விதைப்புக்கு எந்த அளவிலும் நான் ஏற்கமாட்டேன். எஞ்சியிருக்கும் முளைகளும் நலிந்தவை. மானாவாரியில் ஒரே மழையை நம்பி விதைக்கும்போதும், விதைப்புப் பருவம் குறுகியதாக இருக்கும்போதும், 80 காட்டினாலும் வீரியம் குறைந்திருந்தால் புது விதைதான். இந்த ஒப்பீட்டில் விதையின் விலையை மட்டும் எதிர்த்தட்டில் வைக்கக்கூடாது. உழவு, உரம், ஆள்கூலி, எல்லாவற்றுக்கும் மேலாகப் பயிர்க்காலம் ஆகியவை அந்த விதையின் மீதுதான் ஏற்றப்படுகின்றன. மறு விதைப்புக்கு விதை கிடைக்கலாம். கடந்துபோன மண் ஈரம் கிடைக்காது. பாசன வசதியும் நீண்ட பருவமும் உள்ளவர் சற்றுத் துணியலாம். அந்த வசதி இல்லாதவர் துணியக்கூடாது. பழைய விதைக்கு ஏற்கெனவே பணம் கொடுத்தாகிவிட்டது என்ற எண்ணம் இந்த முடிவில் நுழையவே கூடாது; அந்தப் பணம் எப்படி முடிவெடுத்தாலும் திரும்பப்போவதில்லை. முளைப்புத் திறன் குறையாவிட்டாலும், அந்த ரகத்தின் நோய் எதிர்ப்பு இதற்குள் முறிந்துவிட்டிருந்தால், அப்போதும் புது ரகமே மேல்.

வீரிய ஒட்டு ரகங்களில் ஒரு குழப்பம் அடிக்கடி நேர்கிறது. வாங்கிய பையில் மீந்த ஒட்டு விதை வேறு. அந்தப் பயிரை விளைவித்து அதிலிருந்து எடுத்து வைத்த விதை வேறு. முன்னது எத்தனை மாதம் கழிந்தாலும், முளைக்கும் வரை அதே ஒட்டு விதைதான். பின்னது நூற்றுக்கு நூறு முளைத்தாலும், அடுத்த தலைமுறையில் பண்புகள் பிரிந்து, உயரமும் முதிர்ச்சியும் விளைச்சலும் செடிக்குச் செடி மாறும். அதை முளைப்புச் சோதனை காட்டாது.

மருந்திட்ட விதையைப் பொறுத்தவரை, பூசணக்கொல்லியின் ஆற்றல் காலப்போக்கில் குறையலாம் என்பதால், விதைப்புக்கு முன் லேபிளைப் பார்த்துத் தேவையானால் மீண்டும் நேர்த்தி செய்ய வேண்டும். பயறு வகைகளின் வேரில் தழைச்சத்தைச் சேர்க்கும் ரைசோபியம் போன்ற நுண்ணுயிர் கலந்து வைத்திருந்தால், சென்ற பருவத்து நுண்ணுயிர் இப்போது உயிரோடு இருக்கும் என்று நம்பாமல் புதிதாகக் கலந்தே விதைக்க வேண்டும். விதைக்க வேண்டாம் என்று ஒதுக்கிய விதை மருந்து படாததாகவும் பூசணம் பிடிக்காததாகவும் இருந்தால் தீவனமாகலாம். மருந்திட்டதை எவ்வளவு கழுவினாலும் மனிதருக்கோ கால்நடைக்கோ கோழிக்கோ கொடுக்கக்கூடாது. அதன்மேல் ஏற்றப்பட்ட சாயம் அந்த எச்சரிக்கைக்காகவே இருக்கிறது. நீர்நிலையின் ஓரத்திலோ பறவைகள் பொறுக்கும் திறந்த வெளியிலோ கொட்டாமல், லேபிளில் சொன்ன முறைப்படியே அதை அப்புறப்படுத்த வேண்டும்.